பூசானில் இருக்கும் மகளுக்கு, பாசி நூடுல்ஸ் பற்றி

மண்டபம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டதும் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாசல் முருங்கையில் காய் பிடித்திருக்கிறது.

அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. கொரியாவில் சொன்சாச்சே என்கிறார்களே, அந்தப் பாசி நூடுல்ஸ் பாக்கெட்டை எப்படிப் பதப்படுத்துவது, நம் வாய்க்கு எப்படிச் சமைப்பது என்று கேட்டாய். கூடவே, இரவில் சோற்றை விட்டுவிட்டு இதைத்தான் சாப்பிடுகிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். முதல் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன். இரண்டாவது விஷயம் எங்கள் இரண்டு பேரையும் தூங்க விடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ லீவில் கொண்டுவந்த பாக்கெட்டுகளை அம்மாவும் நானும் விதவிதமாகச் செய்து பார்த்தோம். எனக்கு அது புதுப் பொருளாகவே தெரியவில்லை. பார்க்கக் கண்ணாடி நூல் மாதிரி இருக்கும் அந்த இழைக்குள் இருப்பது, நான் காலமெல்லாம் வாங்கி விற்ற சரக்குதான். அங்கே தாசிமா என்கிறார்களே, அந்தப் பெரிய பாசி குளிர்ந்த கடலில்தான் வளரும். உன் ஊர்ப் பக்கத்துக் கீஜாங்கிலேயே வளர்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் அது கிடையாது. ஆனால் அதே பழுப்புப் பாசிச் சாதியைச் சேர்ந்த கட்டக்கோரையும் பக்கடா பாசியும் நம்மிடம் உண்டு. சின்னப்பாலத்துப் பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதைச் சின்ன வயதில் என்னோடு வந்து பார்த்திருக்கிறாய். பாறை விரலைக் கிழித்துவிடும் என்பதற்காகத்தான் அந்தத் துணி. அந்தப் பாசியைக் காயவைத்து மூட்டை கட்டி ஆலைக்கு அனுப்புவோம். அங்கே அதிலிருந்து அல்ஜினேட் என்கிற கூழ்ப்பொருளை எடுப்பார்கள். உன் நூடுல்ஸில் தண்ணீருக்கு அடுத்தபடி இருப்பதும் அதுதான்: சோடியம் அல்ஜினேட், கொஞ்சம் தாசிமா, உப்பு.

ஆலையில் ஒருமுறை எனக்குச் செய்து காட்டினார்கள். அல்ஜினேட் மாவைத் தண்ணீரில் கலக்கினால் கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஆகும். அதில் ஒரு சொட்டை எடுத்துக் கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீரில் விட்டால், விழுந்த மறுநொடியே தோல் கட்டி முத்தாகிவிடும். சொட்டாக விடாமல் துளை வழியாகப் பிழிந்தால் இழையாகும். நூடுல்ஸ் பிறப்பது இப்படித்தான். இழையை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் அதை எப்படிச் சமைப்பது என்பது தானாகவே விளங்கும்.

நீ அரை மணி நேரம் கொதிக்கவைத்தும் நறுக்நறுக்கென்றே இருக்கிறது என்றாயே, காரணம் இதுதான். கீழக்கரையில் நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி வேறு இனம். மரிக்கொழுந்துப் பாசியில் எடுப்பது அது; சூட்டில் உருகும், ஆறினால் உறையும். அல்ஜினேட் இழை சூட்டுக்கு அசையாது. கேஸ்தான் வீண். இழை இளக வேண்டுமென்றால் கால்சியத்தைக் கழற்ற வேண்டும்.

அதற்கு வழி சமையலறையிலேயே இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயில் நன்றாக அலசு. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும், கையால் பிரிக்கப் பார்க்காதே. கத்தரிக்கோலால் நாலைந்து இடத்தில் வெட்டிவிடு. அகலமான பாத்திரத்தில் போட்டு, முங்குகிற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று. ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடாவைத் தூவி, அரை எலுமிச்சம்பழம் பிழி. புஸ்ஸென்று நுரைக்கும், பயப்படாதே. இரண்டும் சேரும்போது உண்டாகிற சிட்ரேட் உப்பு இழையிலிருந்து கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். வினிகருக்கு இந்தக் குணம் கிடையாது, அதனால் எலுமிச்சை விலை அதிகம் என்று அதை மாற்றாதே. இன்னொன்று, அங்கே கடையில் சுத்தம் செய்வதற்கென்றே பெரிய பையில் ஆப்பச்சோடா விற்பார்கள். அதை எடுக்காமல், சாப்பிடத் தகுந்தது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு.

ஐந்து நிமிடம் கழித்து ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார். பிறகு அடிக்கடி பார்த்துக்கொண்டே இரு. முதலில் வளையும், அப்புறம் பல்லுக்கு மெத்தென்று வரும். சேமியா பதத்துக்கு ஒரு பிடி முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனால் மேலெல்லாம் வழுவழுத்து, கடைசியில் மறுபடியும் கஞ்சியாகக் கரைந்துவிடும். பதம் வந்ததும் பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசு. விரலுக்கு வழுக்கல் தெரியக் கூடாது, சோடா வாடை இருக்கக் கூடாது. வடித்த பிறகு சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடு. இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதே. ஈரத்தோடு வாணலியில் போட்டால் தண்ணீர் விட்டு மசாலாவெல்லாம் அடியில் தங்கிவிடும்.

ஏனென்றால் இந்த இழை எதையும் உள்ளே இழுக்காது. இடியாப்பம் சொதியைக் குடிப்பது போல இது குடிக்காது. ருசியெல்லாம் மேலே ஒட்டிக்கொண்டால்தான் உண்டு. அதனால் குழம்பு, ரசம் எல்லாம் இதற்கு ஆகாது. பொடிதான் இதற்குத் தோது. அம்மா செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது எள்ளுப்பொடி போட்டதுதான். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை வேர்க்கடலையை அதிலேயே வறுத்து, மஞ்சள்தூள் போட்டு, இழையைக் கொட்டி இரண்டு புரட்டு. அடுப்பை அணைத்துவிட்டு எள்ளுப்பொடி. பொடி இழை முழுக்க அப்பிக்கொள்ளும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு, அலசின பிறகும் அதில் கொஞ்சம் உப்பு இருக்கும்.

இறால் கிடைத்தால் இன்னும் நல்லது. இறாலை மிளகுத்தூள், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு சுருளச் சுருள வதக்கி, ஈரம் வற்றி மசாலா கெட்டியான பிறகு இழையைச் சேர்க்க வேண்டும். சின்ன வெங்காயம் அங்கே கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயத்தையே பொடியாக நறுக்கிக்கொள்.

அவர்கள் செய்வதும் எனக்குப் பிடித்திருந்தது. சகால்ச்சி மீன் சந்தையில் பச்சை மீன் துண்டுகளுக்கு அடியில் குவித்து வைத்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பினாயே, அந்த நறுக்நறுக்கு அந்த ஊருக்கு அழகு. வெள்ளரிக்காய், மயோனைஸ், கடுகு விழுது, கொஞ்சம் வினிகர், சர்க்கரை சேர்த்துப் பிசறுகிற சாலட்டுக்கு ஊறவைக்கவே வேண்டாம். அலசி, வடித்து, அப்படியே போடலாம். எல்லாவற்றையும் நம் தாளிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரித்த பாக்கெட்டில் மீதி இருந்தால் தண்ணீரில் முங்கவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வை. ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்து இளகினால் தண்ணீரெல்லாம் வெளியே வந்து இழை சவுக்கென்று ஆகிவிடும்.

சரி, இனி எங்கள் கவலைக்கு வருகிறேன்.

இது கெட்ட சாப்பாடு இல்லை தாயி. ஆனால் சாப்பாட்டுக்குப் பதில் இல்லை. சோறு 100 கிராமில் 130 கலோரி இருக்கும். இதில் 10 கலோரியைச் சுற்றித்தான். அல்ஜினேட் நம் குடலில் செரிக்காத நார். புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்புக்கு ஒன்றும் போயிருக்காது. பகலெல்லாம் ஆய்வகத்தில் நின்றுவிட்டு, இரவில் இதை மட்டும் சாப்பிட்டுப் படுத்தால் தலைசுற்றல் வராமல் என்ன செய்யும்? போன வாரம் வந்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் மறைத்துவிட்டாய். வீடியோவில் உன் தோள்பட்டை எலும்பு எனக்குத் தெரிந்தது.

எடை குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது உன் உடம்பு, உன் முடிவு. நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தட்டில் வேறு ஏதாவது இருக்கட்டும். உன் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் வரும். அங்கே எந்தக் கடையிலும் டோஃபு கிடைக்கிறது, அதில் பாதிக் கட்டியைச் சதுரமாக வெட்டி நல்லெண்ணெயில் சிவக்க வறுத்துப் போட்டால் 12 கிராம் பக்கம் வரும். வேர்க்கடலை, எள் இரண்டும் அம்மாவின் செய்முறையிலேயே இருக்கின்றன. இவற்றோடு ஒரு கரண்டி சோறும் வைத்துக்கொண்டால் அது இரவுச் சாப்பாடு. நூடுல்ஸ் அதில் காய் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அயோடின். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். உலர்ந்த தாசிமாவில் ஒரு கிராமிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். நூடுல்ஸில் தாசிமா கொஞ்சம்தான் என்றாலும், நீ மதியம் கேன்டீனில் தாசிமா போட்ட சூப்பும் குடிக்கிறாய். அம்மா வழியில் பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் தைராய்டு உண்டு. ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள், டாக்டரிடம் பாசி சாப்பிடுகிற விஷயத்தையும் சேர்த்துச் சொல். அதுவரை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்.

அம்மா எள்ளுப்பொடி அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டாள். காரம் குறைத்துத்தான் அரைத்திருக்கிறாள். பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் சேர்ந்து வருகின்றன. திங்கட்கிழமை ராமநாதபுரம் போகும்போது கூரியரில் போடுகிறேன். உன் புது அறையின் முகவரியைக் கொரிய எழுத்திலும் எழுதி இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு. பரிசோதனைக்கு எந்தத் தேதியில் போகிறாய் என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா