பண்ணைக்குட்டை அளவு பார்ப்பு: ஞாயிறு காலை 9 மணி

பண்ருட்டி உறவுகளே, வணக்கம்.

குட்டைகளை அளந்து சான்று தர வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளர் வரும் ஞாயிறு, செப்டம்பர் 14 அன்று வருகிறார். அளவு பதிவானால்தான் மானியம்.

1. சிட்டா, அடங்கல் (நில, பயிர்ப் பதிவு ஆவணங்கள்), ஆதார் நகல் தயாராக வையுங்கள்.
2. கரையில் முள், புதர் வெட்டிவிடுங்கள்.
3. உபரிநீர் வழி கட்டாயம் வேண்டும். போன ஐப்பசியில் ஒரு குட்டைக்கு அது இல்லாமல் கரை உடைந்து, பக்கத்து மணிலா (வேர்க்கடலை) வயல் முழுக்க மூழ்கியது. நம் செம்மண் சட்டென்று அரிக்கும். வழிவாயில் கல் பதியுங்கள். வழிகிற நீர் ஓடைக்கோ ஏரி வாய்க்காலுக்கோ போகட்டும், அடுத்தவர் வயலுக்கு வேண்டாம்.
4. நீர் நுழையும் இடத்தில், வண்டல் குட்டைக்குள் போகாமல் தங்க ஒரு வண்டல் குழி தோண்டுங்கள்.

20×20 மீட்டர், 2 மீட்டர் ஆழம் என்றாலும் கரைச்சரிவு போக 8 லட்சம் லிட்டருக்குக் குறைவாகவே பிடிக்கும். அளவைக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

குட்டையை அளக்க வேண்டியவர்கள் பெயர், சர்வே எண்ணை வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள்.