மத்தியானம் பேர் கூப்பிடுகிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் எங்கள் வீட்டுப் பக்கம் உள்ள ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில், சென்ற மாதம் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சாப்பாட்டு இடைவேளையில் கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டான். சித்தூர் பஸ்கள் நிற்கிற இடத்தில் அழுதுகொண்டிருந்தவனை இளநீர் விற்கிற ஒரு பெண்மணி பார்த்து, சீருடையை வைத்து எந்தப் பள்ளி என்று தெரிந்துகொண்டு, வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அப்போது மணி இரண்டே முக்கால். அதுவரைக்கும் பிள்ளையைக் காணோம் என்பதே பள்ளியில் ஒருத்தருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் தொடங்கியது எங்கள் தெருவில் பஞ்சாயத்து. "டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" என்று ஒரு கட்சி. "எங்கதான் நடக்கல? இந்த இங்கிலீஷ் வேற எங்க வரும்?" என்று இன்னொரு கட்சி. என் பேரனும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு. நான் 1983-இல், வட ஆற்காடு மாவட்டம் பிரியாமல் ஒன்றாக இருந்த காலத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து 2018-இல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க" என்று ஆளாளுக்குக் கேட்டதால், பையனின் அப்பா பள்ளிக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

அலுவலக அறையில் கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று நாலும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. வேண்டியவைதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்த பிறகுதான் இந்தக் காகிதங்களைப் பெற்றோர் நிமிர்ந்து பார்க்கவே ஆரம்பித்தோம். ஆனால் சுவரும் கூரையும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் அவை சொல்லும். சாப்பிடப் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தார்களா என்பதற்கு வேறு ஒரு புத்தகம் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பையனின் அப்பா விடாமல் கேட்டார். கொஞ்ச நேரம் இழுத்தடித்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். வருகைப் பதிவேட்டில் நாளுக்கு இரண்டு பதிவு உண்டு, முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று. பையனுக்கு இரண்டுமே போட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் அவன் தேம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பதிவேட்டின்படி வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

வீட்டுக்கு வந்து பேரனைக் கேட்டேன். "மத்தியானம் உங்க மிஸ் பேர் கூப்பிடுவாங்களாடா?" "காலையிலயே சேர்த்துப் போட்டுடுவாங்க பாட்டி" என்றான் சர்வ சாதாரணமாக. அப்படியானால் இது ஒரு டீச்சர் ஒரு நாள் அசந்ததால் வந்தது இல்லை. பள்ளிக்கூடமே அப்படித்தான் ஓடுகிறது.

அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். 46 பிள்ளைகள் அவரிடம். அன்றைக்கு யு.கே.ஜி. டீச்சர் லீவு என்பதால் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டுகிற வேலையும் இவர் தலையில். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஃபீஸ் வாங்கும்போது 46 பேரையும் தனித்தனியாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு முழு யோக்கியதை கிடையாது. என்னுடையது ஈராசிரியர் பள்ளி. இன்னொருவர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பும் என் பொறுப்பு. காலையிலேயே இரண்டு வேளைக்கும் சேர்த்துப் போட்ட நாட்கள் எனக்கும் உண்டு. ஒருநாள் சத்துணவு சாப்பிட்ட கையோடு ஒரு பெண் குழந்தை, ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய்விட்டது. தட்டு எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று ஆயாம்மா வந்து சொன்ன பிறகுதான் நான் வெளியே ஓடினேன். குழந்தை கரையில் உட்கார்ந்து நாவற்பழம் தின்றுகொண்டிருந்தது. நான் கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் மத்தியானம் பேர் கூப்பிடாமல் பாடம் எடுத்ததில்லை.

நடந்ததற்குப் பிறகு இந்தப் பள்ளி என்ன செய்தது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சம்பவ நேரத்தில் தாளாளர் வீட்டுக்கு டிபன் கேரியர் கொண்டுபோகச் சொல்லி அவரை அனுப்பியிருந்ததே பள்ளிதான். அப்புறம் "எட்டு கேமரா புதிதாகப் பொருத்தப்படும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. பையன் வெளியே போனான் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. கேமராவில் பதிவாகும், சரி. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளி வளாகத்துக்குள்ளேயே எல்.கே.ஜி. குழந்தை ஒன்று செப்டிக் டேங்கில் விழுந்து இறந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தந்த நேரத்தில் பார்க்கிற ஒரு கண். பிற்பாடு போட்டுப் பார்க்கிற படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேடிக்கை ஒன்று. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று அதே 2009 சட்டம் சொல்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அணைக்கட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போகிற ஒரு தாய் நாற்காலியில் உட்கார்ந்து தலைமையாசிரியரைக் கேள்வி கேட்கலாம். இங்கே கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிற நாங்கள் கேட்டுக்கு வெளியே, வெயிலில்.

தெருக்காரர்களிடம் நான் சொன்னது இதுதான். பிள்ளைகளைக் கேளுங்கள். மத்தியானம் பேர் கூப்பிடுகிறார்களா? பாத்ரூம் போக யார் கூட வருகிறார்கள்? சாயங்காலம் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். நம் வேலூர் வெயிலில் பாட்டில் நிரம்பியபடி வீட்டுக்கு வந்தால், அந்தப் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பிள்ளை தண்ணீரே குடிக்கவில்லை என்று அர்த்தம். என் பேரனின் பாட்டில் பெரும்பாலும் முக்கால்வாசி அப்படியே வருகிறது. இங்கிலீஷ் நன்றாகத்தான் பேசுகிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதைக்கு டி.சி. வாங்கவில்லை. நடுவருஷத்தில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மருமகள் கேட்கிறாள், அதுவும் நியாயம்தான். தினமும் பேரன் வந்ததும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். இரண்டு வாரமாகப் பேர் கூப்பிடுகிறார்களாம். மூன்றாவது வாரமும் கேட்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.