காற்றும் காடும்: கோஃபுவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று திட்டாதே. இங்கே திராட்சை அறுவடைக் காலம். எங்கள் வீட்டுக்காரத் தாத்தாவுக்கு ஒரு சின்னத் தோட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், "சும்மாதானே இருக்கிறாய்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். கூலி கிடையாது, கூடை நிறையப் பழம்தான். கழுத்தை அண்ணாந்து வெட்டி வெட்டி இப்போது தலையைத் திருப்பவே முடியவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேற முடிகிறதா?

நீ எழுதியதில் ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பையன்களுக்குக் கால்பந்து பழக்குவதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறாய், பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர் கையை விரித்துவிட்டார். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்ட கேள்வி: "ஜப்பானில் எந்த டீமுக்குக் கை தட்டுகிறாய்?"

வான்ஃபோரே கோஃபு. கேள்விப்பட்டிருக்க மாட்டாய். இப்போது இருப்பது இரண்டாம் டிவிஷன். சிரிக்காதே.

கோஃபு, யமனாஷி மாகாணத்தின் தலைநகர். நாலு பக்கமும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். கோடையில் அந்தக் கிண்ணத்துக்குள் வேகிறோம், குளிர்காலத்தில் விறைக்கிறோம். மாகாணம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் எட்டு லட்சம் பேர்தான். பீச், திராட்சை, ஒயின், மலைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஃபூஜியின் தலை, அப்புறம் 16ஆம் நூற்றாண்டின் போர்த்தலைவர் தகேதா ஷிங்கென். ஊர்க்காரர்கள் பெருமைப்படுவது இவற்றுக்குத்தான். ஷிங்கெனின் கொடியில் பழைய சீனப் போர்க்கலை அறிஞர் சன் ட்சுவின் வாசகம் இருந்தது: காற்று போல வேகம், காடு போல அமைதி, தீ போலத் தாக்குதல், மலை போல அசையாமை. 1995இல் கிளப்புக்குப் புதுப் பெயர் வைத்தபோது அதிலிருந்து முதல் இரண்டை எடுத்து, பிரெஞ்சில் காற்றுக்கும் காட்டுக்கும் உள்ள சொற்களை ஒட்டி 'வான்ஃபோரே' ஆக்கினார்கள். தீயையும் மலையையும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் கோல் அடிக்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை என்பது என் கட்சி. தாத்தாவிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

இவர்கள் மேல் எனக்கு ஒட்டுதல் வந்ததற்குக் காரணம் தோற்றம். ஜப்பானில் பெரிய கிளப்புகளில் பலவும் கம்பெனி டீமாகத்தான் பிறந்தன. உராவா மிட்சுபிஷியிலிருந்து, காஷிவா ஹிட்டாச்சியிலிருந்து, ஹிரோஷிமா மஸ்டாவிலிருந்து. கோஃபுவுக்கு அப்படி ஒரு தகப்பன் இல்லை. ஒரு மேல்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆடிய அணிதான் 1965இல் 'கோஃபு கிளப்' ஆனது. 1972இல் தேசிய லீகின் இரண்டாம் டிவிஷனுக்கு வந்தார்கள். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல், வேலை முடிந்து வந்து பந்தாடுகிறவர்களின் கிளப்பாகவே இருந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஹிதெதோஷி நகாதா பிறந்தது இந்த ஊரில்தான், தெரியுமா? பக்கத்து ஊர் நிராசாகியில் படித்தார். ஆனால் 1995இல் தொழில்முறை ஆட்டக்காரராகப் போனது ஹிராட்சுகாவுக்கு. ஊரின் மிகச் சிறந்த பையன் ஊர் டீமில் ஆடியதே இல்லை.

1999இல் ஜே2, அதாவது தொழில்முறை லீகின் இரண்டாம் டிவிஷன், தொடங்கியபோது கோஃபுவும் தொழில்முறைக் கிளப்பாக உள்ளே வந்தது. முதல் மூன்று வருஷமும் கடைசி இடம். 2000இல் வரிசையாக 19 தோல்வி! நஷ்டம் 40 கோடி யென்னைத் தாண்டியது. மைதானத்துக்குச் சராசரியாக இரண்டாயிரம் பேர்கூட வரவில்லை. இழுத்து மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் பேச ஆரம்பித்தார்கள். மாகாண அரசும் கோஃபு நகராட்சியும் பங்குதாரர்கள் என்பதால், மக்கள் வரிப்பணத்தை இதில் ஏன் கொட்ட வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்விதான்.

கடைசியில் ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள். 2001க்குள் மூன்று கணக்கு நேராக வேண்டும்: சராசரிப் பார்வையாளர் 3,000, ஆதரவாளர் சங்க உறுப்பினர் 5,000, விளம்பர வருமானம் 5 கோடி யென். ஒன்று தவறினாலும் கதை முடிந்தது. ஜெயிக்க வேண்டும் என்று நிபந்தனையே இல்லை, கவனித்தாயா? அந்த டீம் ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அந்த நேரத்தில் தலைவராக வந்தவர் கசுயுகி உமினோ. உள்ளூர் நாளிதழ், ஒலிபரப்புக் குழுமத்தின் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். ஒரு பெரிய கையைத் தேடாமல் நூறு சின்னக் கைகளைத் தேடினார். எங்கே ஒரு சாண் இடம் கிடைத்தாலும் அதை விளம்பரத்துக்கு விற்றார். அடிபட்டவனைத் தூக்கிப் போகும் ஸ்ட்ரெச்சரில்கூட விளம்பரம்! ஆட்டக்காரன் வலியில் துடிக்கும்போது கேமரா அவன் மேல்தானே இருக்கும், பார்வையாளர்கள் அதைப் படித்துத்தானே ஆக வேண்டும். பணம் கொடுக்க முடியாதவர்கள் பொருளாகவும் வேலையாகவும் கொடுத்தார்கள். தாத்தாவைக் கேட்டால், யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்று கடை கடையாக ஒப்பிப்பார். அந்த வருஷம்தான் அவரும் உறுப்பினர் ஆனார். அதற்கு முன் பந்தாட்டம் பார்த்ததே இல்லையாம். "ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்று சாகக் கிடந்தால் சும்மா இருக்க முடியுமா?" என்றார்.

மூன்று கணக்கும் நேரானது. டீம் அப்போதும் கடைசி இடம்தான்.

இதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு போனஸ் மாதிரிதான். இருந்தாலும் 2005ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருஷம் மூன்றாம் இடம் பிடித்து, முதல் டிவிஷனுக்கு ஏறும் போட்டியில் காஷிவா ரெய்சோலைச் சந்தித்தார்கள். கோஃபுவில் நடந்த முதல் ஆட்டத்தில் 2-1 என்று முன்னிலையில் இருக்கும்போது மைதான விளக்குகள் அணைந்துபோயின. அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு. தாத்தா அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தாராம். ஒருவரும் எழுந்து போகவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார். விளக்கு வந்தது, அதே 2-1. மூன்று நாள் கழித்து காஷிவாவின் மைதானத்தில் 6-2. அந்த ஆறு கோலையும் அடித்தது பரே என்ற ஒரே பிரேசில்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் மூடப்பட வேண்டிய கிளப், ஹிட்டாச்சி பெற்ற பிள்ளையைக் கீழே அனுப்பிவிட்டு மேலே போனது.

பிறகு ஏறினார்கள், இறங்கினார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள். 2012இல் 24 ஆட்டம் தோற்காமல் ஜே2 சாம்பியன் ஆனதும், அடுத்து ஐந்து வருஷம் மேலே தாக்குப்பிடித்ததும் பெரிய விஷயம்தான். ஆனால் நீ தூங்கிவிடுவாய் என்பதால் நேராக 2022க்கு வருகிறேன்.

அந்த வருஷம் லீகில் 22 அணிகளில் 18ஆவது இடம். அதே அணி, எல்லா டிவிஷன்காரர்களும் மோதும் சக்கரவர்த்தி கோப்பையில் சப்போரோ, டோசு, ஃபுகுவோகா, காஷிமா என்று வரிசையாக முதல் டிவிஷன்காரர்களை வீழ்த்தியது. அக்டோபர் 16, யோகோஹாமாவில் இறுதி ஆட்டம், எதிரே ஹிரோஷிமா. மிட்சுஹிரா முதலில் கோல் போட்டார். ஆட்டம் முடியும் நேரத்தில் ஹிரோஷிமா சமன் செய்தது. கூடுதல் நேரம் போனது. அதில் கடைசியாக உள்ளே வந்தவர் ஹிதெயோமி யமமோதோ. வயது 42. 2003இலேயே இந்தக் கிளப்புக்கு வந்தவர். வந்த கொஞ்ச நேரத்தில் பந்து அவர் கையில் பட்டுப் பெனால்டி! டிவியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இருபது வருஷ உழைப்பு இப்படியா முடிய வேண்டும்? கோல்கீப்பர் கவாதா பாய்ந்து தடுத்தார். அப்புறம் பெனால்டி ஷூட் அவுட். அதிலும் கவாதா ஒன்றைத் தடுக்க, ஐந்தாவதாக, இதைப் போட்டால் கோப்பை என்ற நிலையில் வந்து நின்றவர் அதே யமமோதோ. போட்டார். 5-4.

அந்தக் கோப்பையால் மறுவருஷம் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் இடம் கிடைத்தது. ஆனால் இங்குள்ள மைதானம் ஆசிய சம்மேளனத்தின் தரத்துக்கு எட்டவில்லை. சொந்த ஊர் ஆட்டங்களை எல்லாம் டோக்கியோ தேசிய மைதானத்தில் ஆட வேண்டியதாயிற்று. இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், அதுவும் வேலை நாளில். யார் வருவார்கள்? மற்ற கிளப் ரசிகர்களே, நீங்களும் வாருங்கள் என்று கோஃபு கூப்பிட்டது. வந்தார்கள், சேகர்! மெல்போர்ன் சிட்டியுடன் ஆடி 3-3 ஆன அன்று நானும் அரை நாள் லீவு போட்டுப் போயிருந்தேன். என் வலப்பக்கம் சிவப்பு ஜெர்சி, இடப்பக்கம் மஞ்சள், முன்னால் பச்சை. எல்லாம் வேறு வேறு ஊர்க்காரர்கள், கத்தியது ஒரே பெயர். பிரிவில் முதலிடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ஜப்பானின் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று அப்படிப் போனது அதுவே முதல் தடவை. அங்கே கொரியாவின் உல்சானிடம் இரண்டு ஆட்டமும் தோல்வி. சரி, போகட்டும்.

தாத்தா அந்த ஆட்டங்கள் எதற்கும் வரவில்லை. டோக்கியோவில் ஆடினால் அது நம் மைதானம் இல்லையே என்று பிடிவாதம். வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது உன் விஷயம். ஒரே ஆள் கொடுத்தார், ஒரே நாளில் நிறுத்திவிட்டார். அதனால் மூடுவதற்கு முன்னால் உன் தெருவில் ஒரு சுற்று நடந்து பார். சலவைக் கடை, டீக்கடை, மருந்துக்கடை என்று போய்க் கேள். ஐம்பது ரூபாயோ, வாரம் ஒரு தடவை வாழைப்பழமோ, பந்துக்கு ஒட்டுப் போட்டுத் தருவதோ, எதுவானாலும் வாங்கிக்கொள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதாதே. ஹாஸ்டலில் ஊர் முழுக்கக் கடன் வாங்கியவன் நீ.

டிசம்பரில் மூன்று வாரம் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. பையன்கள் எத்தனை பேர், ஷூ சைஸ் என்ன என்று ஒரு பட்டியல் அனுப்பு. இங்கே சீசன் முடிந்ததும் பள்ளிப் பையன்களின் பழைய ஷூக்கள் நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கும். பெட்டியில் பாதி இடம் அதற்கு ஒதுக்கிவிடுகிறேன். மீதிப் பாதியில் தாத்தா கொடுத்த உலர் திராட்சை.

அன்புடன்,
ரவி