செம்மஞ்சள் பளிங்குகள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் நண்பருக்கு,

உமது பொங்கல் வாழ்த்துக்கு ஆடி பிறந்த பின் பதில் எழுதுகிறேன். ஏசுவதானால் இப்போதே ஏசிவிட்டு மேலே வாசியும். வீட்டில் யாவரும் நலம். முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை.

உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியலாளர் ஒருவரின் ஆய்வுப் பணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் யோசிக்காமல் ஜெப்ரி வில்கின்சன் என்று சொல்லிவிட்டேன். கொட்டன் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து அவர் எழுதிய, நீர் விடுதியில் தலைக்கு வைத்துப் படுத்த அந்தத் தடித்த புத்தகம் போதும் என்றிருந்தேன். போதவில்லை. மூன்று வாரமாக அந்த மனிதரைத் தவிர வேறெதையும் நான் பேசுவதில்லை என்று வீட்டில் முறைப்பாடு.

அவர் தொடங்கியதே வேறு துறையில். போர்க்காலத்தில் கனடாவில் அணுசக்தி ஆய்வு. பின்பு அமெரிக்காவின் பேர்க்லியில் அணு விஞ்ஞானி சீபோர்க்கோடு, ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களான சமதானிகளை ஆக்கும் வேலை. 1956 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது, அசேதன இரசாயனத்துக்கென அன்று பிரித்தானியாவில் நிறுவப்பட்டிருந்த ஒரே பேராசிரியர் பதவி. அதற்கு முன் ஹார்வர்ட் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை என்பதை வாசித்தபோது, பதவியுயர்வு தவறிய நமது பூட்டுக்கார ஐயாவுக்கு இதை யாராவது அன்றே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

மாணவர்களுக்கு, தாக்கத்தை விரைவாக்கும் அவருடைய ஊக்கியை, உரோடியம் என்ற உலோகம் கொண்டதை, விரிவாகச் சொல்லப் போகிறேன். சாதாரண வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில், கரைசலிலேயே இருந்துகொண்டு, காபன் இரட்டைப் பிணைப்புள்ள அல்கீனுக்கு ஐதரசனைச் சேர்க்கும் அந்தச் சிவப்புச் சேர்வை எவருக்கும் விளங்கும். ஆனால் என்னை உறங்கவிடாதது வேறொன்று. இரும்பு, தங்குதன் போன்ற தாண்டல் உலோகத்துக்கும் காபனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பு இயல்பிலேயே நலிந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள் அல்லவா? குற்றம் பிணைப்பில் இல்லை, அடுத்த காபனில் இருக்கும் ஐதரசன் உலோகத்துக்குத் தாவுவதால்தான் சேர்வை குலைகிறது என்று கொண்டு, அப்படித் தாவ ஐதரசன் இல்லாத கூட்டங்களை அவர் தெரிந்தெடுத்தார். 1973 இல் ஆறு மெதைல் கூட்டங்களைத் தாங்கிய தங்குதன் சேர்வையே வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டால் திருடனைத் தேட வேண்டியதில்லை!

அதே ஆண்டு ஜேர்மனியரான பிஷரோடு நோபல் பரிசு, ஆனால் உலோகத்தை இரு வளையங்களுக்கு நடுவே பிடிக்கும் சேர்வைகளுக்காக. இங்கேதான் என் பேச்சு இடறுகிறது. 1951 இல் கீலி, போசன் என்ற இரசாயனவியலாளர்கள் புல்வலீன் (fulvalene) என்ற சேர்வையைத் தேடப் போய், எதிர்பாராமல் பெற்ற செம்மஞ்சள் பளிங்குகளை, பின்னாளில் பெரோசீன் எனப்பட்டதை, உலகுக்கு அறிவித்தார்கள். அமைப்பை மட்டும் பிழையாக வரைந்தார்கள். 1952 இல் ஹார்வர்டில் வில்கின்சனும் வூட்வார்டும், மியூனிக்கில் பிஷரும், இரும்பு, ஐந்து காபன் கொண்ட இரு வளையங்களுக்கும் நடுவே நின்று பத்துக் காபன்களையும் ஒப்பப் பற்றியிருக்கிறது என்று கண்டார்கள். பரிசு அறிவிக்கப்பட்டதும், அந்த அமைப்பு தம்முடைய எண்ணமே என்று வூட்வார்ட் நோபல் குழுவுக்கு எழுதினார். 1965 இலேயே வேறு பணிக்காகப் பரிசு பெற்றவர் அவர், அவருக்கே ஆறவில்லை. போசனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இதை எழுதும்போது உமது முகம்தான் முன்னே வருகிறது. இறுதியாண்டில் நாம் பெரோசீன் தயாரித்தபோது, மூலப்பொருளான இருபகுதியத்தைச் சூடாக்கி விடுதி வரை நாற்றம் பரப்பியவன் நான். இரவு முழுதும் கண்விழித்துப் பதங்கமாக்கி, குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஊசிகளைப் படியவைத்தவர் நீர். வாய்மொழிப் பரீட்சையில் எழுந்து நின்று “நான் தயாரித்தேன்” என்று சொன்னவன் நான். அருகே இருந்த நீர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை எனக்குப் பிளேன்டீயும் வாங்கித் தந்தீர். அந்தத் தேநீரை நான் மறக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

மாணவர்களிடம் உமது பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன், மறுக்க வேண்டாம். உமது கொப்பியும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிப்பூச்சி ஓரங்களைத் தின்றது போக எழுத்து தெளிவாகவே உண்டு. அடுத்த மாதம் உதயதேவி புகையிரதத்தில் ஏறி அதை மட்டக்களப்புக்கே கொண்டு வருகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி: உருகுநிலை 169 பாகை என்று எழுதி, வெட்டிவிட்டு 173 என்று எழுதியிருக்கிறீரே, இதில் எது நீர் கண்ணால் கண்டது?

அன்புடன்,
உமது பழைய பரிசோதனை மேசைக்காரன்