கற்றல் குறிப்பேடு வீட்டுக்கும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அங்கன்வாடிக்கு வரும் குழந்தையின் எடையும் தடுப்பூசி விவரமும் பதிவாகும் தாய் சேய் நல அட்டை தாயின் கையிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், பிழைப்புக்காக ஊர் மாறினாலும் அவர் அதை உடன் எடுத்துச் செல்கிறார். அதே குழந்தை மையத்தில் என்ன பேசியது, எதை வகைபிரித்து அடுக்கியது, எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதைச் சொல்லும் குறிப்பு எதுவும் அவர் கைக்கு வருவதில்லை. நம் மாநில அங்கன்வாடிகளுக்கென ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும், அதையொட்டிய மதிப்பீட்டு அட்டையும் உள்ளன. ஆனால் மேற்பார்வையாளராக நான் சென்ற மையங்கள் பலவற்றில் அந்த அட்டை பார்வையிட வரும் அலுவலருக்காகவே அலமாரியில் காத்திருந்தது. அதற்குப் பதிலாக, மையமும் வீடும் சேர்ந்து எழுதும் ஒரு கற்றல் குறிப்பேடு ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட முன்பருவக் கல்வி வழிகாட்டுதல்கள், இந்த வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ கூடாது எனத் தெளிவாகக் கூறுகின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கோப்பு இருக்க வேண்டும், அதைப் பெற்றோர் பார்க்க இயல வேண்டும், ஆண்டுக்கு இரு முறையாவது குழந்தையின் முன்னேற்றத்தை எழுத்திலும் பேச்சிலும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. இது நல்ல தொடக்கம். எனினும், பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போகும் கோப்பு ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. வீட்டில் அறிந்ததை அதில் சேர்க்க இடம் இல்லை.

அந்த இடம் ஏன் வேண்டும் என்பதற்குத் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களைப் பார்த்தாலே போதும். ஒடியாவோ இந்தியோ பேசும் வீட்டிலிருந்து வரும் நான்கு வயதுக் குழந்தை, மையத்தில் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காதபோது ‘பதில் சொல்வதில்லை’ என்று குறிக்கப்படுகிறது. வீட்டில் அக்குழந்தை தம்பிக்குக் கதை சொல்வதையும், கடைக்குப் போய் முட்டையை எண்ணி வாங்கி வருவதையும் தாய் அறிவார். அவர் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் குறிப்பேட்டில் சேர்ந்தால், பணியாளர் அக்குழந்தையை அணுகும் விதமே மாறிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. பின்னாலிருந்து அழைத்தால் குழந்தை திரும்புவதில்லை என்பதை மையத்தில் கவனித்து எழுதியிருக்க, வீட்டிலும் அப்படித்தான் என்று தாய் உறுதி செய்தால், 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அடுத்த முறை மையத்துக்கு வரும்போது அக்குழந்தையின் செவித்திறனை முதலில் சோதிக்கச் சொல்லலாம். இந்த வயதில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தையின் பேச்சைப் பாதிக்கும் என்பதால் இதை மிகவும் வலியுறுத்துகிறேன்.

நியூசிலாந்தில் 1996-இல் வெளியான ‘தே ஃபாரிக்கி’ முன்பருவப் பாடத்திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கார், ‘கற்றல் கதைகள்’ என்ற முறையை வளர்த்தெடுத்தார். குழந்தை ஒரு செயலில் ஈடுபட்ட விதத்தை ஆசிரியர் சிறு கதையாக எழுதுகிறார். குழந்தையின் கோப்பில் சேரும் அதைக் குடும்பத்தினர் படித்துத் தம் பங்கையும் எழுதுகின்றனர். மதிப்பெண்ணும் தரவரிசையும் அதில் இல்லை. பிற குழந்தையோடு ஒப்பிடவும், ‘மந்தம்’ என்று முத்திரை குத்தவும் வழியில்லாத இந்தத் தன்மையே அம்முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அங்கன்வாடிப் பணியாளர்களின் சுமையை அறியாமல் நான் இதை எழுதவில்லை. பதிவேடுகள், 2021 முதல் கைப்பேசியில் ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலி, அவற்றோடு வாக்காளர் பட்டியல் பணி என்று அவர்கள் ஏற்கெனவே திணறுகின்றனர். ஆகவே புதிதாக ஒரு பதிவேட்டைத் திணிக்காமல், இப்போதுள்ள மதிப்பீட்டு அட்டைக்குப் பதிலாகவே குழந்தைக்கு ஒரு குறிப்பேடு தரலாம். நாளுக்கு இரண்டு குழந்தைகளைப் பற்றி மட்டும் ஓரிரு வரிகள் எழுதினால், மாதத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் முறை வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, குழந்தையை அழைத்துப் போக வரும் நேரத்தில் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதைப் பணியாளரே எழுதிக்கொள்ளலாம். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பதிலாகப் பாட்டியோ தாத்தாவோ வந்தால், அவர்கள் சொல்வதையும் எழுத வேண்டும். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தாமே.

தனியார் மழலையர் பள்ளிகள் சில, குழந்தைகளின் படங்களையும் ‘யார் முதலில் எழுதினார்’ என்ற செய்தியையும் எல்லாப் பெற்றோரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இடுகின்றன. இதைப் பகிர்தல் என்று ஏற்க முடியாது. ஒரு குழந்தையைப் பற்றிய குறிப்பு அதன் வீட்டாருக்கு மட்டுமே உரியது. 18 வயது நிறையாதோரின் மின்னணுத் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவிதி. தாளில் எழுதிய குறிப்பேடே இதற்கு ஏற்றது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் துறை முதலில் சில வட்டாரங்களிலாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேரும்போது, பெற்றோர் விரும்பினால் அந்தக் குறிப்பேட்டைத் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் கொடுக்கவும், அவர் அதைப் படித்துவிட்டுப் பெற்றோரிடமே திருப்பித் தரவும் பள்ளிக் கல்வித் துறையுடன் சேர்ந்து வழிவகுக்க வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
திருப்பூர் மாவட்டம்.