ஐஸ் அவுஸில் ஐஸ் இருந்த கதை

ஐயா,

திருவல்லிக்கேணிவாசியான நான் 'ஐஸ் அவுஸ்' என்று அன்றாடம் சொல்லி வந்தும், அந்தப் பெயரின் காரணத்தைக் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய சென்னை குறித்த நூல்களைப் புரட்டிய பிறகே அறிந்தேன். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பாளம் பாளமாக அறுத்தெடுத்த பனிக்கட்டியை, உருகாதிருக்க மரத்தூளில் பொதிந்து, பல மாதக் கடற்பயணத்தில் இங்கே கொண்டுவந்து சேமித்து வைப்பதற்காக டியூடர் என்ற அமெரிக்க வணிகரின் நிறுவனம் 1842ஆம் ஆண்டில் எழுப்பிய கட்டடம் அது. நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்தால், அந்த வணிகரின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு போடலாம். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கும் முறை வந்ததும் அவ்வணிகம் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

இத்தகைய செய்திகளைத் தேடி எல்லோராலும் எழும்பூர் வரை போக இயலாது. போட்டித் தேர்வு நூல்களுக்கு இடம் ஒதுக்குவதுபோல், ஒவ்வொரு கிளை நூலகத்திலும் அந்தந்த ஊரின் வரலாற்று நூல்களுக்கும் சிறப்பு மலர்களுக்கும் ஓர் அலமாரியாவது ஒதுக்கப் பொது நூலகத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.