ஒரு நாள் வெயில் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் வந்த பாப்கார்ன் சோளக் குறிப்பைப் படித்தேன். விதைப்பது, நீர் விடுவது, உரம் வைப்பது எல்லாம் விரிவாக இருந்தது. அறுவடைக்கு வந்ததும், முற்றிய கதிரைப் பறித்து ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு நாளை நம்பினால் என் கதிதான்.

முதல் தடவை மதில் ஓரமாக ஒரே வரிசையில் 12 செடி வைத்தேன். ஆளுயரம் வளர்ந்தன. கதிரை உரித்தால் பொக்கை வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி! சோளத்துக்கு மகரந்தம் காற்றில்தான் போகிறது. உச்சியில் இருக்கும் ஆண் பூவிலிருந்து உதிரும் தூள் கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழைகளில் விழ வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. தூள் படாத இழைக்கு மணி இல்லை. ஒற்றை வரிசையென்றால் தூளில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. அடுத்த முறை வரிசைக்கு ஐந்தாக 5 வரிசை, சதுரமாக நட்டேன். மணி நெருக்கமாகப் பிடித்தது.

ஆனால் அவசரப்பட்டேன். பட்டு பழுப்பானதும், வேகவைத்துத் தின்னும் சோளத்தைப் போலப் பாதிக் கதிரைப் பறித்துவிட்டேன். பாப்கார்னுக்கு அது ரொம்ப முன்கூட்டி. மட்டை காய்ந்து காகிதம் போலச் சலசலக்க வேண்டும். மணியில் நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது. ஒரு மணியைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடிமுனையில் கறுப்புப் படலம் தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகும், மழை இல்லாத வரை செடியிலேயே காயவிடுவது நல்லது.

பறித்ததைச் சட்டியில் போட்டேன். பாதி பொரியவில்லை, பொரிந்ததும் சவசவ என்றிருந்தது. சரி, ஈரம்தான் காரணம் என்று மிச்சத்தைப் பத்து நாள் மொட்டை மாடி வெயிலில் வறுத்தெடுத்தேன். இந்த முறை சட்டியில் ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை.

விஷயம் இதுதான்: மணியை வெடிக்க வைப்பது அதற்குள் இருக்கும் தண்ணீர். ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் அது நீராவியாக அழுத்தித் தோலைக் கிழிக்கிறது. அதற்கு மணியில் 13.5 முதல் 14 சதவீதம் ஈரம் வேண்டும். கூடினால் சவசவப்பு, குறைந்தால் அழுத்தமே ஏறாது. தோலில் கீறல் இருந்தாலும் ஆவி கசிந்து, மணி கரிந்துதான் போகும்.

வறண்ட மணியையும் மீட்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு மணியைப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி, அவ்வப்போது குலுக்கி மூன்று நான்கு நாள் வைத்தேன். முக்கால்வாசி பொரிந்தது.

இப்போதெல்லாம் மட்டையை உரித்து, கதிர்களை வலைப்பையில் போட்டு, நிழலில் காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிடுகிறேன். வாரம் ஒரு தரம் 20 மணியைப் பொரித்துப் பார்ப்போம். எண்ணுவது என் பேரன், அரைகுறையாகப் பொரிந்ததைக் கூடப் பொரிந்த கணக்கில் சேர்க்க மாட்டான். போன தடவை முதல் வாரம் 7, அடுத்து 12, நான்காம் வாரம் 18. அன்றே உதிர்த்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்தோம்.

அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த வாரப் பக்கத்தில் திருத்திப் போட முடியுமா? இப்போதே விதைத்தவர்களுக்குப் பறிக்க நூறு நாளுக்கு மேல் இருக்கிறது, அவகாசம் உண்டு.

இப்படிக்கு,
மாடியில் சோளம் வறுத்த ஒரு வாசகர்